பல்லைக் கடிக்க வேண்டாம்

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாலை மயக்க மருந்து டாக்டர் என் படுக்கையருகே வந்து உட்கார்ந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார். ஆஸ்துமா உண்டா? பொய்ப்பல் உண்டா? வயிற்றுப்புண்? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா?

"எனக்கு இல்லை. என் தம்பிக்கு" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அவனுக்கும் இதே இடுப்பு ஆபரேஷன்தான். வலிக்குப் போட்ட ஊசியை அவனால் விட முடியவில்லை. எட்டு வருஷத்தில் போய்விட்டான். எனக்கு அந்த ஜாதி மருந்து எதுவும் வேண்டாம் டாக்டர். வலியை நான் பொறுத்துக்கொள்கிறேன்."

முப்பத்தைந்து வயது இருக்கும் அந்த மராட்டியப் பெண்ணுக்கு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு இந்தியில் சொன்னார்: "ஆன்ட்டி, அந்த மருந்து வேண்டாம் என்பது ஒரு விஷயம். வலியைப் பொறுத்துக்கொள்வேன் என்பது வேறு விஷயம். இரண்டையும் ஏன் ஒன்றாகக் கட்டுகிறீர்கள்?"

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. அத்தனை வருஷமும் அந்த இரண்டும் ஒன்றென்றே நினைத்திருந்தேன்.

தம்பி பிலாயில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தான். 1994ல் இடுப்பு டிஸ்க் விலகி ஆபரேஷன் ஆயிற்று. அந்தக் காலத்தில் வலி வந்து கத்தினால் ஊசி, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. அவனுக்குப் போட்டது பென்டசோசின். மார்ஃபின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அதைவிட எளிதாகக் கிடைத்தது. வீட்டுக்கு வந்த பிறகும் கால் வலிக்கிறது என்று தெருமுனை கம்பவுண்டரிடம் போய்ப் போட்டுக்கொண்டான். பிறகு தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டான். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது விதி. விதியைக் கேட்டவர் யாருமில்லை.

அந்த ஊசி திரும்பத் திரும்பப் போடும் இடத்தில் சதையைக் கெட்டியாக்கிவிடும். ஒரு தீபாவளிக்குப் போயிருந்தபோது அவன் தொடையைத் தொட்டுப் பார்த்தேன். மரப்பலகை மாதிரி இருந்தது. நடுவில் ஆறாத புண். 2002ல் அந்தப் புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறித்தான் இறந்தான். இரண்டு பெண் குழந்தைகள். எங்கள் வீட்டில் அதன் பிறகு தலைவலி மாத்திரையைக்கூட ரகசியமாகத்தான் போட்டுக்கொள்வோம்.

எனக்கு டிஸ்க் விலகியது 2024 நவம்பரில். மாட்டுங்கா மார்க்கெட்டில் பையைத் தூக்கும்போது இடுப்பில் ஏதோ பிடித்தது. பிறகு வலி வலது பிருஷ்டத்திலிருந்து கெண்டைக்கால் வெளிப்புறமாக இறங்கிக் கட்டைவிரல் வரை போயிற்று. ஓய்வு, பிசியோதெரபி, மாத்திரை என்று இரண்டு மாதம் கடந்தது. இந்த மாதிரி கேஸ்களில் பெரும்பாலானவை கத்தி வைக்காமலேயே சரியாகிவிடும் என்று எலும்பு டாக்டரும் காத்திருந்தார். ஆனால் ஜனவரியில் வலது காலிலிருந்து செருப்பு தானாகக் கழல ஆரம்பித்தது. கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார். தூக்க முடியவில்லை. "இனிமேல் காத்திருப்பது புத்திசாலித்தனமில்லை" என்றார். நாலாவது ஐந்தாவது முதுகெலும்புக்கு இடையே பிதுங்கி நரம்பை அமுக்கிக்கொண்டிருக்கும் துண்டை மைக்ரோஸ்கோப் வைத்து எடுக்க வேண்டும். வெட்டு மூன்று நாலு சென்டிமீட்டர்தான்.

ஆபரேஷனுக்கு நான் பயப்படவில்லை. அதற்கு அடுத்த நாளுக்குத்தான் பயந்தேன்.

மயக்க டாக்டர் என் கேஸ் ஷீட்டைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். வெட்டிய இடத்தில் திசு அடிபட்டு பிராஸ்டகிளாண்டின் என்ற ரசாயனங்களைச் சுரக்கிறது. அவை நரம்பு நுனிகளைக் கூர்மையாக்கிவிடுகின்றன. அங்கிருந்து செய்தி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போய், தண்டுவடத்திலிருந்து மூளைக்கு ஏறுகிறது. மார்ஃபின் வகை மருந்து முக்கியமாகத் தண்டுவடத்திலும் மூளையிலும் உட்கார்ந்துகொண்டு வாசலை அடைக்கிறது.

"நீங்கள் மாட்டுங்காவில் இருக்கிறீர்கள், உங்களுக்கு லோக்கல் ரயில் தெரியும். காலை ஒன்பது மணிக் கூட்டத்தை வி.டி. ஸ்டேஷன் வாசலில் நின்று தடுக்கப் பார்த்தால் போலீஸ்தான் வேண்டும். தானேயில் கொஞ்சம், குர்லாவில் கொஞ்சம், தாதரில் கொஞ்சம் என்று இறக்கிவிட்டால் வி.டி.யில் போலீஸுக்கு வேலையே இருக்காது" என்றார்.

முதல் ஸ்டேஷன், வெட்டிய இடம். தையல் போடும் முன் முதுகுத் தசையில் புபிவக்கைன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்துவார்கள். பல் டாக்டர் போடும் ஊசிக்கு இது தூரத்து உறவு. சில மணி நேரத்துக்கு அந்த இடம் பேசாது. இரண்டாவது, பிராஸ்டகிளாண்டின் சுரப்பைக் குறைக்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மருந்து. ஆஸ்பிரினும் அதன் சொந்தக்காரர்களும் இப்படித்தான் வேலை செய்கிறார்கள் என்று கண்டுபிடித்ததற்காக ஜான் வேன் என்ற ஆங்கிலேயர் 1982ல் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார். மூன்றாவது, நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பாராசிட்டமால். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கடிகாரம் பார்த்து. நாலாவது மருந்தே இல்லை: ஐஸ் பை, சரியான படுக்கை, சீக்கிரம் எழுந்து நடப்பது.

ஒவ்வொன்றும் தனியாக நின்றால் போதாது. சேர்ந்தால் போதும். டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் என்ற அறுவை மருத்துவர் 1990களில் இதை வற்புறுத்தத் தொடங்கினார். தம்பி படுத்திருந்த அதே வருஷங்கள். உலகத்தின் ஒரு மூலையில் அப்போதே யோசனை இருந்திருக்கிறது. பிலாய்க்கு வரவில்லை.

"பாராசிட்டமாலா? ஜுரத்துக்குப் போடுவதா?" என்று என் கணவர் கேட்டது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. டாக்டருக்குக் கோபம் வரவில்லை. "வலி வந்த பிறகு ஒன்று போட்டால் அது ஜுர மாத்திரைதான் அங்கிள். வலி வருவதற்கு முன்பே, தூங்கினாலும் எழுப்பி, நாலு வேளையும் போட்டால் அது வேறு மருந்து."

நரம்பு வலிக்கு என்று பக்கத்து வீட்டில் சிபாரிசு செய்த பிரிகாபலின் பற்றியும் கேட்டேன். சில வருஷங்கள் முன்புவரை ஆபரேஷனுக்கு முன் அதையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாம். 2020ல் 281 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வலி குறைந்த அளவு நோயாளிக்கே தெரியாத அளவுதான், தலைசுற்றல்தான் மிச்சம் என்று தெரிந்ததாம். "உங்களைச் சீக்கிரம் நடக்க வைக்கப் பார்க்கிறேன். தள்ளாட வைக்க அல்ல" என்றார்.

எழும்போது இரண்டு விஷயங்களை ஒளிக்காமல் சொன்னார். மயக்கத்தில் இருக்கும்போது ஃபென்டனில் கொஞ்சம் கொடுப்பார்கள். அது மார்ஃபின் குடும்பம்தான். நீங்கள் விழிப்பதற்குள் அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும், அதனால் யாரும் அடிமையாவதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு எதுவும் பலிக்காமல் போனால் கொடுக்க ஒரே ஒரு டிராமடால் ஊசியை ஷீட்டில் எழுதி வைப்பார். "போட வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் எழுதாமல் உங்களைத் தனியாக விட மாட்டேன்." சம்மதித்தேன். அந்த ஒரு வரி இருந்த தைரியம்தான் அன்றிரவு என்னைத் தூங்க வைத்தது.

மறுநாள் மதியம் கண் விழித்தபோது முதலில் தெரிந்தது, காலில் வலி இல்லை என்பது. மூன்று மாதமாகக் கூடவே இருந்த வலி போயிருந்தது. இடுப்பில் கனமாக ஏதோ இருந்தது, அவ்வளவுதான். மாலையில் நர்ஸ் வந்து எழுந்திருக்கச் சொன்னார். முதுகை முறுக்காமல் மரக்கட்டை மாதிரி மொத்தமாக ஒரு பக்கம் புரண்டு, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். நாலடி நடந்தேன். பத்து மணிக்கு மரத்துப்போன மருந்தின் வேலை தீர்ந்தது. வெட்டின இடம் எரிய ஆரம்பித்தது. பத்துக்கு ஆறு என்று நர்ஸிடம் சொன்னேன். அடுத்த டிரிப் பாராசிட்டமால் நேரமும் வந்திருந்தது. அதைப் போட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் பையை இடுப்பில் வைத்தார். ஒரு மணி நேரத்தில் மூன்றுக்கு இறங்கியது. மூன்று என்பது வலி இல்லை என்பதல்ல. மூன்று என்றால் வலி இருக்கிறது, ஆனால் வேறு எதையாவது பற்றி யோசிக்க முடிகிறது.

டிராமடால் ஊசி கடைசிவரை டிரேயிலேயே இருந்தது.

பக்கத்துப் படுக்கையில் தாதர் பார்ஸி காலனியிலிருந்து வந்த எழுபத்து நாலு வயதுப் பாட்டி. அவருக்கு இரண்டு முதுகெலும்புகளைத் திருகாணி வைத்து இணைத்திருந்தார்கள். என்னைவிடப் பெரிய ஆபரேஷன். ஆனால் எனக்குத் தந்த டைக்ளோஃபெனாக் அவருக்கு இல்லை. எலும்பு ஒட்ட வேண்டிய ஆபரேஷனில் அந்த வகை மருந்தை அதிக அளவில், அதிக நாள் கொடுத்தால் ஒட்டுவது தாமதப்படலாம் என்ற சந்தேகம் ஒரு காரணம். அவருடைய சிறுநீரகம் ஏற்கனவே சோர்ந்திருந்தது இன்னொரு காரணம். பதிலாக, ஸ்கேனில் பார்த்து முதுகுத் தசைக்கு அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் மருந்தைப் பரப்பியிருந்தார்கள். 2016ல்தான் இந்த முறையை முதன்முதலாக எழுதினார்களாம்.

தனக்கு ஏன் அந்த மாத்திரை இல்லை என்று நர்ஸைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பாட்டி என் பக்கம் திரும்பினார். "டைக்ளோஃபெனாக்கா? எங்கள் கழுகுகளைக் கொன்றது அதுதானே!"

மலபார் ஹில்லில் பார்ஸிகளின் அமைதிக் கோபுரங்களுக்கு வந்துகொண்டிருந்த பிணந்தின்னிக் கழுகுகள் 1990களில் மறைய ஆரம்பித்தன. இந்தியா முழுவதும் அதே கதை. மாடுகளுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004ல் கண்டுபிடித்தார்கள். 2006ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுகிறார்கள் என்று, 2015ல் ஊசிக் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். மனிதச் சிறுநீரகம் கழுகினுடையதைப் போல அத்தனை பலவீனமானதல்ல. ஆனாலும் வயதானவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், தண்ணீர் சத்துக் குறைந்தவர்கள் இந்த வகை மாத்திரையை மிட்டாய் மாதிரிப் போட்டுக்கொண்டால் சிறுநீரகமும் வயிறும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். போதை மருந்து இல்லை என்பதால் ஆபத்தே இல்லாத மருந்து ஆகிவிடாது. எனக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து, வயிற்றுக்கு ஒரு மாத்திரை சேர்த்து, ஐந்தே நாள் என்று எழுதியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு அட்டவணை. காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12 பாராசிட்டமால். காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின் டைக்ளோஃபெனாக். ஒரே இடத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் உட்காரக் கூடாது. வீட்டுக்குள் மணிக்கு ஒரு தடவை நடை. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. இந்தியன் டாய்லெட் கூடாது. அதற்காக என் கணவர் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி வந்தார்.

தப்பு செய்தது நான்தான். ஐந்தாம் நாள் காலை எழுந்தபோது நன்றாக இருந்தது. ஊரிலிருந்து போன் செய்த அம்மா, "ரெண்டு பிரசவ வலியைப் பொறுத்தவ நீ, இதென்ன பெரிசு, மாத்திரையக் கொறச்சுக்கோ" என்றாள். எனக்கும் அதில் ஒரு பெருமை. பகல் மாத்திரையைப் போடவில்லை. மாலையும் போடவில்லை. இரவு மாத்திரையை நினைக்கவே இல்லை.

நடு இரவு இரண்டு மணிக்கு இடுப்பு முழுவதும் கல்லாக இறுகிவிட்டது. புரள முடியவில்லை. மூச்சை இழுத்தால் வலித்தது. விட்ட மாத்திரைகள் இரண்டையும் அவசரமாக விழுங்கினேன். அரை மணியில் குறையவில்லை. என் கணவர் பதறிப்போய் இரவுக் கடைக்கு ஓடி, "ஸ்ட்ராங்காக ஏதாவது" என்று கேட்டு ஒரு அட்டை மாத்திரை வாங்கி வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் படித்தேன். அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம். அசிக்ளோஃபெனாக் என்பது டைக்ளோஃபெனாக்கின் உடன்பிறப்பு. அதாவது, ஒரு மணி நேரம் முன்பு விழுங்கிய இரண்டு மருந்துகளும் வேறு பெயரில் மறுபடி வந்திருந்தன. நம் கடைகளில் விற்கும் வலி மாத்திரைகள் பல இப்படிக் கூட்டு மாத்திரைகள். அட்டையின் முன்பக்கப் பெயரைப் பார்த்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. பாராசிட்டமால் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. ஒல்லியானவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் வரம்பு இன்னும் குறைவு. அந்த இருட்டில், வலியில், யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

அட்டையை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவமனை எண்ணுக்குப் போன் செய்தோம். டியூட்டி டாக்டர் முதலில் கேட்டது கால் மரத்திருக்கிறதா, சிறுநீர் தடையில்லாமல் போகிறதா, காய்ச்சல் உண்டா, காயத்தில் நீர் வடிகிறதா என்று. இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் உடனே வரச் சொல்லியிருப்பாராம். இல்லை என்றதும், "புதிதாக எதுவும் வேண்டாம். ஐஸ் வையுங்கள். காலை ஆறு மணியிலிருந்து பழைய அட்டவணை" என்றார். விடிவதற்குள் கொஞ்சம் இறங்கியது. முன்பிருந்த நிலைக்கு வர ஒன்றரை நாள் ஆயிற்று. மூன்று மாத்திரைகளைச் சேமித்த பெருமைக்கு அதுதான் விலை.

அந்த இரவில் ஒன்று புரிந்தது. தம்பியும் இப்படித்தான் இருந்திருப்பான். அவனுக்கு அட்டவணை யாரும் தரவில்லை. பொறுத்துக்கொள் என்றார்கள். பொறுக்க முடியாமல் கத்தியபோது ஊசி போட்டார்கள். வலி, கத்தல், ஊசி, நிம்மதி என்று உடம்புக்கு ஒரு பாடம் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு அவனைப் பலவீனமானவன் என்றோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

இதை எழுதும்போது மார்ஃபினை வில்லனாக்கிவிடக் கூடாது என்ற பயமும் இருக்கிறது. காஸிபூரிலும் நீமச்சிலும் அரசாங்கமே ஓபியத்தைப் பதப்படுத்தும் நாடு நம்முடையது. ஆனால் 1985ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில், புற்றுநோயாளிகளுக்குக்கூட மார்ஃபின் கிடைக்காமல் போயிற்று. கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் 1993ல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் போன்றவர்கள் போராடி, 2014ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதே காலத்தில் பென்டசோசின் தெருமுனையில் கிடைத்துக்கொண்டிருந்தது. டிராமடால் அந்தச் சட்டத்துக்குள் வந்தது 2018ல். வேண்டியவனுக்குப் பூட்டு, வேண்டாதவனுக்குத் திறந்த கதவு. என்னைப் போல் சின்ன வெட்டுக்கு, நல்ல சிறுநீரகத்துக்கு, அந்த மருந்து தேவைப்படவில்லை. இன்னொருவருக்கு முதல் இரண்டு நாள் தேவைப்படலாம். டாக்டர் அளந்து கொடுத்து, நிறுத்தும் தேதியையும் சொன்னால் அது தோல்வியல்ல.

ஆறு வாரம் கழித்து சோதனைக்குப் போனேன். செருப்பு காலில் நிற்கிறது. கட்டைவிரல் முக்கால்வாசி எழுகிறது. டைக்ளோஃபெனாக் ஐந்தாம் நாள் முடிந்து, பாராசிட்டமாலும் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டிருந்தது. மார்ஃபின் அளவுக்குப் பலமாக, அடிமையாக்காத மருந்து வரவே வராதா என்று மயக்க டாக்டரைக் கேட்டேன். சிரித்தார். வலி நரம்பில் மட்டும் வேலை செய்யும் சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2025 ஜனவரியில் அனுமதி கிடைத்திருக்கிறதாம். சோதித்துப் பார்த்தது வயிற்று அறுவைக்கும் கால்விரல் எலும்பு அறுவைக்கும். "முதுகுக்கு என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். அதுவரை நம்முடைய கடிகாரம் இருக்கிறது" என்றார்.

தம்பி மனைவி இன்னும் பிலாயில்தான் இருக்கிறாள். அவளுக்கு முதுகுத்தண்டின் வழி குறுகி, நூறு அடி நடந்தால் கால் மரத்துப்போகிறது. ஆபரேஷன் வேண்டும் என்று சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். காரணம் நான் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. இருவருக்கும் தெரியும்.

போன மாதம் போன் செய்தாள். "அக்கா, ஊசி இல்லாம முடியும்னு நெஜமாவே சொன்னாங்களா? நா வலியத் தாங்கிப்பேன். அந்த ஊசி மட்டும்தான் பயம்."

"தாங்கவும் வேண்டாம்டி" என்றேன்.

என் அட்டவணையை போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். இது என் எடைக்கும் என் சிறுநீரகத்துக்கும் எழுதியது, அப்படியே போட்டுக்கொள்ளாதே, உன் டாக்டரிடம் காட்டி உனக்கென்று ஒன்று எழுதி வாங்கு என்று சொன்னேன். கேட்க வேண்டிய கேள்விகளையும் சொன்னேன். தையலுக்கு முன் மரத்துப்போகும் மருந்து உண்டா? எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, எத்தனை நாள்? எதை எதோடு சேர்க்கக் கூடாது? எதுவும் பலிக்காவிட்டால் என்ன, அதை எப்போது நிறுத்துவீர்கள்?

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி அவளுக்கு ஆபரேஷன். நான் டிக்கெட் வாங்கிவிட்டேன். இரவு பன்னிரண்டு மணி மாத்திரைக்கு அவளை எழுப்ப ஒரு ஆள் வேண்டும்.